பழசு மாதிரியே ஒரு திரை

அக்கா லேப்டாப்பில் ஒரு வரி அடித்தாள். தோழிக்கு எழுத ஆரம்பித்து, வேண்டாம் என்று தோன்றி, ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மூடி வைத்தாள். அனுப்பவே இல்லை. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, அத்தான் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த வரியைச் சொன்னார்.

“‘இந்த வீட்டுல மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டியிருக்கு.’ நல்லாத்தான் எழுதறே. ஏன் அழிச்சே?”

குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்த மாட்டார். அக்காவின் கையிலிருந்த தட்டு லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

“சும்மா கேட்டேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கடையில் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நல்லாப் போகுது அத்தான் என்றேன்.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். ஒரே கார், அதன் கூரையில் மஞ்சள் பலகை. பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், இவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். இவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. ஓட்டுவது யாராக இருந்தாலும் வண்டி இவர் காலுக்குத்தான் கட்டுப்படும். பழகும் பாதையை எங்கள் தெரு வழியாகவே வைத்திருந்தார். நாளைக்குப் பல தடவை அந்தக் கார் எங்கள் ஜன்னலை உரசுவது மாதிரி நகர்ந்து போகும். சில சமயம் நின்றுவிடும். பழகுகிறவரின் கோளாறா, அத்தானின் பிரேக்கா என்று உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரியும்வரை அசையாமல் இருப்போம்.

அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டுக்கு வந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் “உள்ளேன்” சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அதனால் நின்றதில் பெரிய வருத்தமும் இல்லை. காலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கவுன்டரில் உட்கார அத்தான் அனுமதித்திருந்தார். கடைக்காரரை ஊரே ஸ்க்ரூ அண்ணன் என்றுதான் கூப்பிடும். நாலைந்து திருகாணிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார். பேசுவதற்காகக்கூட வெளியே எடுக்க மாட்டார்.

அக்காவுக்கு வீட்டிலேயே வேலை. யாரோ பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், அவள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுத்தாக அடித்துக் கொடுப்பாள். சம்பளம் அத்தான் கணக்குக்குப் போய்விடும். தனியாக வெளியே போவதில்லை. போனால் மஞ்சள் பலகைக் காரில்தான்.

அந்தத் தோழி வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டாக்டர்கள் பேசி வைக்கும் குறிப்புகளை அடித்துக் கொடுக்கும் பிரிவில் ஒரு இடம் காலியாக இருப்பதாகக் கடை போனில் என்னிடம் சொன்னாள். வேலை கிடைத்தால் தங்க அறையும் உண்டு, தங்கையும் கூட இருக்கலாம். ஆனால் ஒரு தேர்வு எழுத வேண்டும். இணையத்தில், ஒரே அமர்வில். டாக்டரின் குரல் வரும், கேட்டு அடிக்க வேண்டும், ஒரு பதிவை இரண்டு தடவைக்கு மேல் கேட்க முடியாது. அக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும் வேலை. ஆனால் எதில் அடிப்பது? இருந்தது ஒரே லேப்டாப், அதில் அடித்து அழித்த எழுத்துகூட அத்தான் போனுக்குப் போகிறது.

அடிப்பதையெல்லாம் வேவு பார்த்து அனுப்பும் புரோகிராமிடமிருந்து எப்படித் தப்புவது என்று, கடைக்கு வந்த வாடிக்கையாளர் கேட்டதாகச் சொல்லி ஸ்க்ரூ அண்ணனிடம் விசாரித்தேன். பொய் சொல்லும்போது என் காது சிவக்கும். நல்லவேளை அவர் ஒரு ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அது பழைய சிஸ்டத்துக்குள்ள குடியிருக்கற ஆளு. பகல் பூரா எழுதி வச்சுக்கிட்டு ராத்திரி ஒரேயடியா அனுப்புவான். அந்த வீட்டைத் திறக்காமலே, பென் டிரைவ்ல இருந்து வேற சிஸ்டத்தை ஏத்திட்டா அவன் பாட்டுக்குத் தூங்குவான். லினக்ஸ். காசும் கேக்காது, கேள்வியும் கேக்காது.”

எனக்கு ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். யாருக்கு என்று அவர் கேட்டார். அக்காவுக்கு, பழசு மாதிரியே இருந்தால்தான் அவளுக்குக் கை வரும் என்றேன். அதில் பொய் பாதிதான்.

அப்போதுதான் தெரிந்தது, லினக்ஸுக்கு முகம் ஒன்றில்லை. உள்ளே இருக்கும் எந்திரம் அதேதான், முன்னால் தெரியும் டெஸ்க்டாப்பை நம் இஷ்டத்துக்கு மாட்டிக்கொள்ளலாம். செருப்புக் கடையில் நிற்கிற மாதிரி ஆளாளுக்கு ஒன்று மாட்டிப் பார்ப்பார்கள் என்றும், இதற்காகவே நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது என்றும் ஸ்க்ரூ அண்ணன் சொன்னார். அவர் மச்சானும் அவரும் ஒரு வருஷம் பேசவில்லையாம். “அவன் டெஸ்க்டாப்ல குப்பையைக்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அதைப் போய் அழகுங்கறான்.”

மற்றவர்கள் அழகைப் பார்த்து எடுத்தார்கள், வசதியைப் பார்த்து எடுத்தார்கள். நான் பார்த்தது ஒன்றைத்தான். அத்தான் திடீரென்று அறைக்குள் வந்தால், வாசலில் நிற்கும் அவர் கண்ணுக்கு இது பழைய திரையாகத் தெரியுமா?

மூன்று முகங்களைக் காட்டினார். முதலாவது இந்தக் காலத்துப் பொண்ணு. மேலே மெல்லிய கறுப்புப் பட்டை, மற்றபடி வெறுமை. வாசலுக்கு வரவே வேண்டாம், ஜன்னலைத் தாண்டிப் போகும் காரிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவதற்கு சினிமாக்காரன் என்று அண்ணன் பட்டப்பெயர் வைத்திருந்தார், எந்த வேஷமும் கட்டும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டன், வலது மூலையில் கடிகாரம், அதே நீலம், அதே நிழல். பழைய திரையின் இரட்டைப் பிள்ளை. மூன்றாவதன் மூலையில் எலிப் படம் இருந்தது, அதனால் பெயரும் எலி. சாம்பல் நிறம், சின்ன எழுத்து, கொஞ்சம் பழைய ஆபீஸ் வாடை. “ஆனா பழைய மெஷின்ல இவன்தான் ஓடுவான்” என்றார் அண்ணன்.

நான் சினிமாக்காரனைத்தான் எடுத்தேன். வேறு எதை எடுப்பது.

மவுஸின் ரிசீவர் அளவுக்குச் சின்ன பென் டிரைவ் அது. மத்தியானம் அத்தானின் கார் தெருவைக் கடந்ததும் செருகி, திறக்கும்போதே அண்ணன் சொன்ன பொத்தானை அழுத்தினோம். வந்தது. அச்சு அசல். அக்கா தன்னையறியாமல் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவ்வளவு அதே மாதிரி இருந்தது, பழையதைத்தான் திறந்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். பிறகு ஆஸ்பத்திரி தந்திருந்த மாதிரிப் பதிவை ஓட்டினோம். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார், விக்கினார், பாதி வார்த்தையை விழுங்கினார், மறுபடி ஆரம்பித்தார். எங்கள் லேப்டாப் கிழடு. சினிமாக்காரனின் வேஷத்தைத் தாங்கவே அதற்குத் தெம்பு போதவில்லை, இதில் குரலை எங்கே ஓட்டுவது.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “மாத்திரை பேரு பாதிதான் கேக்குது. இதை வச்சு அடிச்சா ஆளைக் கொன்னுடுவேன்.”

இன்னொன்று இருப்பதாகவும், ஆனால் அதன் முகம் பழசு மாதிரி இருக்காது என்றும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீயே பார்த்து எடு, எனக்கு யோசிக்கவே வரவில்லை என்றாள். என்னைவிட எட்டு வயது பெரியவள் என்னிடம் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இல்லை. பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் கடையில் எலியை வாங்கிக்கொண்டு வந்தேன். வேஷம் கட்டும் வேலையை நானே செய்தேன். மாற்றுவதெல்லாம் பென் டிரைவிலேயே தங்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பட்டையைக் கீழே இழுத்தேன். எலிப் படத்தை எடுத்துவிட்டுப் பழைய பட்டன் படத்தை வைத்தேன். பின்னணிக்கு அத்தானும் அக்காவும் காருக்கு முன்னால் நிற்கும் போட்டோ, அதில் அத்தான் கை அக்காவின் தோளில் இருக்கும். ஐகான்கள் என்னென்ன, எந்த வரிசையில் என்று எனக்கு மனப்பாடம். அவருடைய பள்ளிக் கோப்புகள் இருக்கும் மஞ்சள் ஃபோல்டரையும் அதே இடத்தில் வைத்து, சொடுக்கினால் உள்ளே இருக்கும் அதே கோப்புகள் திறக்கும்படி செய்தேன். கடைசியாக வாசலில் போய் நின்று பார்த்தேன். அத்தான் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறியும் பார்த்தேன்.

டாக்டரின் குரல் தண்ணீர் மாதிரி ஓடியது. எதைச் சொடுக்கினாலும் சட்டென்று திறந்தது. அந்த லேப்டாப்பை அப்படிப் பார்த்ததே இல்லை. அக்கா கொஞ்சம் சிரித்தாள். “கிழவிக்கு வயசு திரும்பிடுச்சு” என்றாள். நானும் சிரித்தேன். எங்களுக்குப் புத்தி அவ்வளவுதான்.

தேர்வு வியாழக்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் அத்தானுக்கு வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். அக்கா எலியைத் திறந்து உட்கார்ந்தாள், நான் ஜன்னலோரம் துணி மடித்தேன். தேர்வு ஆரம்பமாகி, திரையின் மூலையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே வந்தது. கார் ஒருமுறை போயிற்று. பழகுகிறவர் ஒரு பெரிய மனிதர், தொப்பி போட்டிருந்தார். கார் மூலையில் திரும்பியது. நான் மூச்சு விட்டேன்.

அது திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது.

கதவு திறக்கும் சத்தத்துக்கும் அவர் அறைக்குள் வருவதற்கும் இடையில், பென் டிரைவைப் பிடுங்கலாமா என்று அக்கா என்னைப் பார்த்தாள். பிடுங்கினால் திரை செத்துவிடும், தேர்வும் போய்விடும். நான் வேண்டாம் என்று தலையாட்டினேனா, சும்மா நடுங்கினேனா, எனக்கே தெரியாது. அவள் கையை எடுத்துவிட்டு, தேர்வு ஜன்னலை மட்டும் கீழே இறக்கி மறைத்தாள்.

அத்தான் வாசலில் நின்றார். திரையைப் பார்த்தார். அவருடைய போட்டோ அவரைப் பார்த்தது. நான் ஸ்டூல் போட்டு ஏறியது வீண் போகவில்லை.

“அந்தத் தொப்பிக்காரருக்கு லைசென்ஸ் டெஸ்ட் என்னிக்குன்னு பாக்கணும். கொஞ்சம் தள்ளு.”

அக்கா நாற்காலியோடு நகர்ந்தாள். அவர் குனிந்து மவுஸைப் பிடித்து மஞ்சள் ஃபோல்டரைச் சொடுக்கினார். சொடுக்கிவிட்டுப் பழக்கம் போலக் கையை எடுத்துக்கொண்டார். பழைய லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் திறப்பதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவர் அப்படித்தான் குடிப்பார். என் பக்கம் திரும்பித் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார்.

ஃபோல்டர் அதற்குள் திறந்திருந்தது.

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். ஃபோல்டரை மூடினார். மறுபடி சொடுக்கினார். மறுபடியும் உடனே திறந்தது.

நிறம் பார்த்திருந்தேன், மூலை பார்த்திருந்தேன், ஐகான் வரிசை பார்த்திருந்தேன். மந்தமும் அந்தத் திரையில் ஒரு பகுதிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாக்காரன் மாதிரி அதுவும் விக்கித் திணறியிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

“என்ன, பறக்குது?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

பள்ளியில் ஒரு தடவைகூடக் கை தூக்காத நான் பேசினேன்.

“நான்தான் அத்தான். கடைக்கு எடுத்துட்டுப் போனேன். உள்ள தூசி அடைச்சிருந்துச்சு, அண்ணன் தட்டிக் குடுத்தார்.”

“எப்போ?”

“இன்னிக்குக் காலையில.”

“என்னைக் கேக்காம.”

“மறந்துட்டேன் அத்தான்.”

அவர் லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. அந்தக் கைக்கும் பென் டிரைவுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட இல்லை.

“சூடுகூட இல்ல. பரவாயில்லையே, குட்டிக்கு வாய் வந்துடுச்சு.” அக்காவைப் பார்த்தார். “உனக்கும் தெரியுமா?”

தெரியும் என்று அக்கா சொன்னாள்.

“ரெண்டு பேருமா மறந்துட்டீங்க. சரி, சரி. சாயந்திரம் வந்து பேசிக்கலாம்.”

தேதியைப் பார்த்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“உன் வேலையைப் பாரு. நான் சும்மா நிக்கறேன்.”

அக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள். தேர்வு ஜன்னலை மறுபடி மேலே கொண்டுவந்தாள். மிச்ச நேரம் எவ்வளவோ குறைந்திருந்தது. அந்தப் பதிவை ஒரு தடவை கேட்டாகிவிட்டது, இதுதான் கடைசித் தடவை. ஆஸ்பத்திரியின் பெயர் எங்கேயும் இல்லை, வெறும் கட்டமும் எழுத்தும்தான். தினமும் பார்க்கும் வேலை என்று அவர் நினைக்கலாம். நினைக்காமலும் போகலாம். அக்கா அடிக்க ஆரம்பித்தாள். அவர் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியின் வயது, வலி எந்தப் பக்கம், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று அக்காவின் விரல்கள் ஓடின. விரலில் நடுக்கமே இல்லை. கழுத்துதான் நனைந்திருந்தது.

“யாருக்கோ ஈரல் போச்சு போல” என்றார் அத்தான், படித்துக்கொண்டே. “பாவம்.”

வெளியே தொப்பிக்காரர் ஹாரன் அடித்தார். தெரியாமல் கை பட்டிருக்க வேண்டும், நீளமாக அலறியது. அத்தான் டம்ளரை அக்காவின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சாயந்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கார் இரண்டு தடவை உதறிவிட்டு நகர்ந்தது.

அக்கா நிறுத்தவில்லை. கடைசிக் கட்டம் வரை அடித்து, அனுப்பு என்று இருந்ததை அழுத்தினாள். நன்றி, உங்கள் விடைகள் வந்து சேர்ந்தன என்று வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. தூசி தட்டியதற்குச் சாயந்திரம் திட்டு வாங்கிக்கொள்கிறேன், அதோடு போயிற்று என்று சொல்லிக்கொண்டே பென் டிரைவைப் பிடுங்கப் போனேன்.

“இரு” என்றாள் அக்கா. “ராத்திரி அவர் ஆன் பண்ணுவார்.”

“பண்ணட்டும். பழசுதானே வரும்.”

“பழசு எப்படி வரும்?”

கை அப்படியே நின்றது. ஆமை மாதிரி வரும். தூசி தட்டிப் பறந்த லேப்டாப் ஒரே சாயந்திரத்தில் மறுபடி ஆமையாகிவிட்டால், மத்தியானம் பறந்தது என்ன என்று அவர் கேட்பார். இதை அப்படியே செருகி வைத்தால், பறக்கும், ஆனால் அக்கா அவர் கண்முன்னால் அடித்த ஒரு வார்த்தைகூட ராத்திரி அவர் போனுக்குப் போய்ச் சேராது. எடுத்தாலும் மாட்டுவோம், வைத்தாலும் மாட்டுவோம்.

“முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்” என்றேன்.

அக்கா எழுந்தாள். பீரோவைத் திறக்கவில்லை, பெட்டியைத் தேடவில்லை. சான்றிதழ் உறையையும் ஹெட்ஃபோனையும் ஒரு துணிப்பையில் போட்டாள். கொடியில் கிடந்த ஈரத் துணிகளை எடுக்கப் போன என்னைத் தடுத்தாள். கிடக்கட்டும், ஆள் இருக்கிற மாதிரி தெரியும். லேப்டாப்பை மூடி மேசையில் நேராக வைத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏன் கழுவினாள் என்று தெரியாது. பென் டிரைவ் என் கைக்குள் இருந்தது, இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் பள்ளம் விழுந்திருந்தது.

வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. தோழி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள் என்று பயம்.

பஸ் பிடிக்கும் இடத்துக்குச் சந்து வழியாகப் போனோம். வெயிலில் அக்காவின் முகம் யாரோ முகம் மாதிரி இருந்தது, அவளை வெயிலில் பார்த்து அவ்வளவு நாளாகிவிட்டது. முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப் பின்பக்கம் உட்கார்ந்தோம். பஸ் இரண்டு தெரு ஓடியது. பிறகு வேகம் குறைந்து ஊர ஆரம்பித்தது. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஹாரன் அடித்தார். நான் எழுந்து முன்னால் பார்த்தேன். பஸ்ஸுக்கு முன்னால் மஞ்சள் பலகை.

அக்காவிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவள் செருப்பைச் சரி செய்வது மாதிரி குனிந்துவிட்டாள். பஸ் ஒதுங்கி, காரைத் தாண்ட ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கீழே அத்தான் தெரிந்தார். தொப்பிக்காரர் இல்லை, இப்போது ஒரு காலேஜ் பெண். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் பக்கம் சாய்ந்து, சன்னமான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கால் பிரேக்கில் இருந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் பஸ் தாண்டியது.

“போயிடுச்சு” என்றேன்.

அக்கா நிமிரவில்லை. ஒரு நிறுத்தம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கண்டக்டர் வந்து, அக்காவைக் காட்டி, அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைசுற்றல் என்றேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டடங்கள் குறைந்து பாதை அகலமாகியது. பின்னால் ஒவ்வொரு வண்டி ஹாரன் அடிக்கும்போதும் அவள் முதுகு துள்ளியது.

ரொம்ப நேரம் கழித்து, குனிந்தபடியே கேட்டாள்.

“அவர் பின்னாடி நின்னப்ப ஒரு மருந்துப் பேரு அடிச்சேனே, சரியா அடிச்சேனா?”

“தெரியல அக்கா” என்றேன். “நான் அவரைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”